தோட்டாவின் நீளமும் குழலின் அளவும்: பாஞ்சாலங்குறிச்சி முதல் மணியாச்சி வரை

தோட்டாவின் முழு நீளம் என்பது கூட்டின் அடித்தட்டிலிருந்து குண்டின் நுனி வரை உள்ள அளவு. ஆலையில் செய்த தோட்டாவுக்கு இது நிலையான அடையாளம். வார்த்த ஈயக் குண்டைப் பொருத்திக் கையால் கட்டிய ரைபிள் தோட்டாவுக்கோ இது அடையாளமே ஆகாது. குறிப்பிட்ட ஒரு குண்டும் குறிப்பிட்ட ஒரு குழலும் சேரும்போது கிடைக்கும் விளைவு மட்டுமே என்பது இக்கட்டுரையின் வாதம். ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் நடந்த இரண்டு நிகழ்வுகள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகின்றன.

1. நீளம் இல்லாத காலம்

ஓட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1799 செப்டம்பரில் கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) மேஜர் பானர்மன் தாக்கினார். அக்டோபர் 16இல் அக்கோட்டையின் பாளையக்காரர் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவர் தம்பி ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய கோட்டை 1801 மார்ச் இறுதியில் ஒரு தாக்குதலை முறியடித்து, மே 24இல் வீழ்ந்தது. அந்நாளைய துப்பாக்கிகளில் மருந்தையும் குண்டையும் குழல்வாய் வழியாகவே கெட்டிக்க வேண்டும். கும்பினிச் சிப்பாய்க்குத் தரப்பட்ட தோட்டா, மருந்தும் குண்டும் சேர்த்துச் சுற்றிய தாள் பொதி. அதைப் பல்லால் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டைக் கம்பியால் இடிப்பான். பொதியின் நீளம் எதுவாயினும் குண்டு போய் உட்காரும் இடத்தை மருந்தின் அளவே தீர்மானித்தது.

கும்பினிப் படையின் மஸ்கட்டில் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 19 மி.மீ.; குண்டின் விட்டம் ஏறத்தாழ 17.5 மி.மீ. புகைக்கரி படிந்த குழலிலும் விரைவாகக் கெட்டிப்பதற்காகவே இந்த இடைவெளி. ஆக, அக்காலத்தில் கேட்க வேண்டிய கேள்வி குழலுக்கும் குண்டுக்கும் உள்ள பொருத்தம் பற்றியதே.

2. ஆலை விதித்த நீளம்

1911 ஜூன் 17இல், அதே வட்டாரத்து மணியாச்சி சந்திப்பில், ரயில் பெட்டியில் இருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். அவர் கையில் இருந்தது பிரவுனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி. இத்தகைய ஆயுதத்தில் ஒரு தோட்டா வெடித்ததும் அந்த விசையிலேயே அடுத்தது மேகசினிலிருந்து குழலுக்கு ஏறுகிறது. தோட்டா சற்று நீண்டால் மேகசினில் அடங்காது. மிகக் குறுகினால் ஏறும்போது சிக்கக்கூடும். நாட்டு உலையில் உருக்கி வார்த்த உருண்டை இங்கே உதவாது.

பிரிட்டிஷ் இந்தியப் படையின் .303 ரைபிளுக்கும் இதே ஒழுங்குதான். கூட்டின் நீளம் 56.4 மி.மீ.; முழுத் தோட்டாவின் உச்ச நீளம் 78.1 மி.மீ. இந்த உச்ச அளவு எந்த .303 துப்பாக்கியிலும் தோட்டா தடையின்றி இயங்குவதற்கான எல்லை. குறி தவறாமைக்கு ஏற்ற நீளம் இதுவே என்று அது சொல்வதில்லை.

3. வார்ப்புக் குண்டு எழுப்பும் சிக்கல்

ஈயத்தோடு வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து வார்க்கும் குண்டு, செப்புக் கலவை உறையிட்ட குண்டைவிட மென்மையானது. குழலுக்குள் திருகாக ஓடும் வரிகளை அது நேராகப் பற்ற வேண்டும். அதற்காக அதன் உடல், வரிப்பள்ளங்களின் விட்டத்தைவிட இம்மியளவு பருமனாக இருக்கும். பல அச்சுகளில் மூக்குப்பகுதி வரிமேடுகள் மேல் தாங்கி நிற்கும். பழைய .303 குழல்களின் பள்ள விட்டமோ ஏறத்தாழ 7.9 முதல் 8 மி.மீ. வரை குழலுக்குக் குழல் மாறுகிறது.

குண்டு வரிகளுக்கு வெகுவாகப் பின்னால் நின்றால், பாய்ந்து சேரும்போது சாயலாம். ஈயம் சீவப்பட்டுக் குழலில் படியலாம். மிக முன்னால் நின்றால் போல்ட் மூடாது. மூடினாலும், சுடாத தோட்டாவை வெளியே எடுக்கையில் குண்டு குழலில் சிக்கி மருந்து சிதறக்கூடும். கூட்டுக்குள் ஆழமாக அழுத்தினால் குண்டின் அடி கழுத்தைத் தாண்டி இறங்கும். மருந்துக்குரிய இடம் குறைந்து அழுத்தம் உயரும்.

ஒரே கூட்டில் கூர்முனைக் குண்டு ஒன்றையும் தட்டைமுனைக் குண்டு ஒன்றையும் மாற்றி மாற்றிப் பொருத்தி, இரண்டின் முழு நீளத்தையும் ஒன்றாக்கிப் பார்க்கலாம். நுனிகள் ஒரே கோட்டில் நிற்கும். வரிகளைத் தொட வேண்டிய தோள்பகுதியோ கூர்முனையில் பின்தங்கியும் தட்டைமுனையில் முன்தள்ளியும் நிற்கும். ஒன்று வரிகளை எட்டாதபோது மற்றது முட்டிக்கொண்டிருக்கும்.

4. ஒரு மறுப்பு

கையேடுகள் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு நீளத்தைத்தானே தருகின்றன என்று கேட்கலாம். அது கையேட்டார் சோதித்த அச்சுக்கும் குழலுக்கும் உரிய எண். அச்சு மாறினால் அந்த எண்ணின் பொருளும் மாறிவிடுகிறது. ஆலைத் தோட்டா நீளத்தை விதியாக்கியது உண்மை. வார்ப்புக் குண்டு நம்மைப் பாஞ்சாலங்குறிச்சிக் காலத்துக் கேள்விக்கே, ஆனால் துல்லியமான அளவுகோல்களுடன், திருப்பி அழைக்கிறது.

5. முடிவு

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும் என்கிறது. ஆகவே இம்முடிவின் பயன் நமக்கு முதன்மையாக அருங்காட்சியகங்களிலும் தடய அறிவியல் கூடங்களிலும்தான். கையால் கட்டிய தோட்டாவை முழு நீளத்தை மட்டும் கொண்டு ஒரு துப்பாக்கியோடு இணைப்பதும் விலக்குவதும் பிழை. அடித்தட்டிலிருந்து குண்டின் தோள் வரையுள்ள நீளம், குண்டின் விட்டம், எடை, முனை வடிவம், கூட்டுக்குள் அமர்ந்த ஆழம் ஆகியவற்றையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். உருண்டைக் குண்டாயின் எடையும் விட்டமும் போதும்.