அக்கா கையெழுத்துப் போடாத தாள்

போன மாதம் ஒரு சாயங்காலம் எங்கள் தெருவில் குடியிருக்கும் லாரி ஓட்டுநர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவர் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். வெளியூர் மருத்துவமனை ஒன்றில் வைத்தியம் நடக்கிறது. பாலிதீன் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து நீட்டினார். "ஏனுங்க சார், நீங்க ஆபீஸ்ல இருந்தவரு. இதைப் படிச்சு என்னன்னு சொல்லுங்க. கையெழுத்துப் போடச் சொல்றாங்க" என்றார்.

மேலே 'பங்கேற்பாளர் தகவல் தாள்' என்று அச்சாகியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு 2013 நினைவுக்கு வந்துவிட்டது.

அந்த வருடம் இதே மாதிரி ஒரு தாளை என் அக்கா என்னிடம் கொடுத்தாள். அவளுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று. அப்பாவுக்கு ராசிபுரம் பக்கம். பிழைக்கப் போனது காரைக்கால். அங்கே என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தார்கள், அக்காவை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஆகவே தாள் என்று எது வந்தாலும் அது என்னிடம் வரும். பதினோரு பக்கம். முதல் பக்கத்தில் 'குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களுள் ஒன்றில் சேர்க்கப்படுவீர்கள்' என்ற வரி வந்ததும் மூடி வைத்துவிட்டேன். "எலிக்குப் போடற மருந்தை உனக்குப் போட்டுப் பார்ப்பாங்க. அதுவும் சீட்டுக் குலுக்கி. வேண்டாம்" என்றேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. வழக்கமான வைத்தியமே நடந்தது. 2015இல் சேலத்து வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தபோது ஒரு நாள் கேட்டாள்: "அந்தத் தாள்ல என்னதான் தம்பி எழுதியிருந்துச்சு?"

என்னால் சொல்ல முடியவில்லை. மீதிப் பத்துப் பக்கத்தை நான் படிக்கவே இல்லை. முப்பத்தாறு வருடம் கோப்பு பார்த்தவன் நான்.

அந்த ஆய்வில் சேர்ந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்ல வரவில்லை. அது யாருக்கும் தெரியாது. அவள் போன பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் வீட்டில் இந்தத் தாள் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

பிரெஞ்சில் 'எஸ்ஸே' என்றொரு சொல் உண்டு. கட்டுரைக்கும் அதுதான், முயன்று பார்ப்பதற்கும் அதுதான், மருத்துவச் சோதனைக்கும் அதேதான். எங்கள் வாத்தியார் பஸ்தேர் கதையைச் சொல்லும்போது இந்தச் சொல்லைத்தான் சொல்வார். 1881 மே மாதம் பூயி-லெ-ஃபோர் என்ற ஊர்ப் பண்ணையில் 24 செம்மறியாட்டுக்கும் ஒரு வெள்ளாட்டுக்கும் அடைப்பான் நோய்த் தடுப்பூசி போட்டார் பஸ்தேர். அதே அளவு ஆடுகளை ஊசி போடாமல் விட்டார். பிறகு இரண்டு கூட்டத்துக்கும் நோய்க் கிருமியைச் செலுத்தினார். ஜூன் 2ஆம் தேதி ஊரே திரண்டு வந்து பார்த்தபோது, ஊசி போட்ட ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. போடாத ஆடுகள் செத்துக் கிடந்தன, மிச்சம் ஒன்றிரண்டு இழுத்துக்கொண்டிருந்தன. "அந்த இரண்டாவது மந்தை இல்லாவிட்டால் பஸ்தேர் பேச்சை யார் நம்பியிருப்பார்கள்?" என்பார் வாத்தியார். ஆட்டுக்குச் சரி. மனிதர்களை இரண்டு மந்தையாகப் பிரிக்க முடியுமா? அக்கா தாளைப் பார்த்தபோது என் மனதில் ஓடியதும் இந்த ஆடுகள்தான்.

மனிதரிடம் சோதனை வேறு மாதிரி நடக்கிறது. ஒன்றுமே கொடுக்காமல் ஒரு கூட்டத்தைச் சாகவிட்டு வேடிக்கை பார்ப்பதில்லை. புற்றுநோய்ச் சோதனைகளில் பெரும்பாலும் ஒரு குழுவுக்கு இப்போது இருப்பதில் நல்ல வைத்தியம், மற்றக் குழுவுக்குப் புதியது, அல்லது பழையதோடு புதியதைச் சேர்த்து. நல்ல வைத்தியம் இருக்கும் நோய்க்கு வெறும் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றுவது முறையல்ல.

அப்படியானால் குலுக்கல் எதற்கு? டாக்டரே ஆளைப் பிரித்தால், தெம்பாக இருப்பவரைப் புது மருந்துப் பக்கம் அவரை அறியாமலே தள்ளிவிடுவார். பிறகு மருந்தால் பிழைத்தாரா தெம்பால் பிழைத்தாரா என்று எப்படிச் சொல்வது? சீட்டுப் போட்டால் தெம்பானவரும் நலிந்தவரும் இரண்டு பக்கமும் கலந்துவிடுவார்கள். எது மேல் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாத இடத்தில்தான் இந்தச் சீட்டுக்கு நியாயம் உண்டு. 1947இல் இங்கிலாந்தில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினை இப்படித்தான் சோதித்தார்கள். எந்தப் பக்கம் என்ற விவரம் ஒட்டிய உறைக்குள் இருந்ததாம்.

நம் சென்னைக்கு அது சீக்கிரமே வந்துவிட்டது. 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் டி.பி. என்றால் சானடோரியம், நல்ல காற்று, பால், முட்டை, ஓய்வு. சானடோரியத்தில் இடம் கிடைக்காதவன் கதி அவ்வளவுதான். சென்னையில் 193 நோயாளிகளைச் சீட்டு முறையில் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் வீட்டுக்கு. வீடு என்றால் நெரிசலான ஏழை வீடு. இரண்டு பக்கமும் ஒரே மாத்திரை, ஒரு வருடம். 1959இல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுவதும் டி.பி. நோயாளிகளை வீட்டில் வைத்தே பார்க்கலாம் என்ற வழக்கத்துக்கு இது பெரிய காரணம். அந்த 193 பேரில் யார் பெயரும் நமக்குத் தெரியாது.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் 12 படுக்கைகளோடு ஆரம்பித்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிடிவாதம் அது. அங்கே டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சோடு ப்ளியோமைசின் என்ற மருந்தையும் சேர்த்து 1970களிலேயே சோதித்து எழுதினார்கள். வெற்றிலையும் புகையிலையும் விடாத நம் பக்கத்துக்கு இது எவ்வளவு வேண்டிய ஆராய்ச்சி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் என்னை உட்கார வைத்தது திண்டுக்கல் சோதனைதான். கரூரைத் தாண்டினால் திண்டுக்கல். நமக்கு அக்கம்பக்கம். அங்கே ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ சமூகநல மருத்துவமனையும், அடையாறும், பிரான்சில் லியோன் நகரத்துப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து 2000இல் தொடங்கினார்கள். நோய், அக்காவுக்கு வந்த அதே நோய். வயது 30 முதல் 59 வரை உள்ள பெண்கள். ஆளுக்கு ஆள் சீட்டுப் போடாமல் ஊர்த் தொகுதிகளுக்குச் சீட்டுப் போட்டார்கள். 57 தொகுதிகளில் பரிசோதனை, மற்ற 57இல் வழக்கமாக என்ன கிடைக்குமோ அது.

பரிசோதனையோ மிக எளிது. பயிற்சி பெற்ற நர்ஸ் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவுவார், ஏறத்தாழ வினிகர் மாதிரி. ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் திட்டுத் தெரிந்தால் சந்தேகம். மேற்கொண்டு பார்த்து, தேவையானால் அங்கேயே உறைய வைத்து அகற்றிவிடுவார்கள். 49,311 பெண்களைக் கூப்பிட்டதில் 31,343 பேர் வந்தார்கள். கூச்சத்தையும் கூலி வேலையையும் விட்டுவிட்டு இத்தனை பேர் வந்ததே பெரிது. 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. பரிசோதனை நடந்த ஊர்களில் இந்த நோய் 25 சதவீதமும், இதனால் வந்த சாவு 35 சதவீதமும் குறைவு. தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசு முதலில் நடத்திப் பார்த்து, பிறகு தமிழ்நாடு முழுவதும் கொண்டுவந்த பரிசோதனை இந்த முறைதான்.

இதில் நெருடலும் உண்டு, மறைக்க வேண்டாம். பரிசோதனை இல்லாத ஊர்ப் பெண்களும் இறந்தார்கள். நன்மை தரும் என்று எதிர்பார்த்த ஒன்றை அவர்களுக்குக் கொடுக்காமல் எண்ணிக்கொண்டிருந்தது சரியா என்று இங்கும் அமெரிக்காவிலும் கேள்வி எழுந்தது. அப்போது கிராமத்தில் எந்தப் பரிசோதனையும் இல்லையே, இருந்த எதையும் நாங்கள் பறிக்கவில்லையே என்பது நடத்தியவர்கள் பதில். இரண்டு பக்கத்தையும் படித்தேன். ராத்திரி படுத்தால் ஒரு பக்கம் சரி என்று படுகிறது, காலையில் மறுபக்கம்.

இதைவிட மோசமானது 1999-2000இல் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் நடந்தது. வாய்ப் புற்று நோயாளிகளுக்கு ஒரு புது ரசாயனத்தை ஊசியாகப் போட்டார்கள். கூட்டாக நடத்திய அமெரிக்க ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமே, தன் விஞ்ஞானி உரிய அனுமதி வாங்காமல் செய்தார் என்று 2001இல் ஒப்புக்கொண்டது. ஆகவே எலிப் பயம் வெறும் மூடத்தனம் இல்லை. அதற்குக் காரணம் இருந்தது.

அதற்குப் பிறகு கட்டுப்பாடு வந்தது. 2009 முதல் ஒவ்வொரு சோதனையும் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் ஏற வேண்டும். தாளில் அந்த எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். 2019 விதிகளின்படி சோதனையால் கெடுதல் வந்தால் வைத்தியம் இலவசம், நஷ்டஈடும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் முன்னால் படித்துச் சொல்ல வேண்டும். தாளின் நகல் நோயாளிக்குச் சொந்தம்.

கட்டம் எது என்றும் கேட்க வேண்டும். முதல் கட்டம் என்றால் சில பேருக்கு மட்டும், எவ்வளவு மருந்தை உடம்பு தாங்கும் என்று பார்ப்பது. அதில் குணத்தை அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. இரண்டாம் கட்டத்தில் மருந்து நோயின்மேல் வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள். மூன்றாம் கட்டத்தில்தான் நூற்றுக்கணக்கான பேரை வைத்துப் பழையதா புதியதா என்ற போட்டி.

ஓட்டுநருக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. தாளை எடுத்து முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்தேன். மறுநாள் அவர் மனைவியையும் கூட்டி வரச் சொல்லி மறுபடியும் படித்தேன். மூன்றாம் கட்டம். எந்தக் குழுவானாலும் இப்போது போடும் மருந்து நிற்காது, ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலாக ஒரு மாத்திரை. அந்த அம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். ஏழாம் பக்கம் வந்தபோது நிறுத்தினார்.

"பாதியில வேண்டாம்னு தோணினா என்னங்க பண்றது?"

அடுத்த பத்தியிலேயே இருந்தது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, வழக்கமான வைத்தியம் தடைபடாது.

"அதை இன்னொருக்காப் படிங்க" என்றார். படித்தேன்.