ஜூலியன் பாண்டும் 136ஆம் தொகுதியும்: ஜார்ஜியா சட்டமன்றத் தேர்தல், 1965

அமெரிக்க அரசமைப்புச் சட்டம் படிப்பவர்களுக்கு ஜூலியன் பாண்ட் (1940–2015) ஒரு வழக்கின் பெயராகவே அறிமுகமாகிறார். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினருக்கு அவருடைய போர் எதிர்ப்புக் கருத்துக்காக இருக்கை மறுக்கக் கூடாது என்று 1966 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. தீர்ப்பின் பெருமையில் அதற்கு முந்தைய தேர்தல் மறைந்துபோயிற்று. அவர் எப்படி வாக்குக் கேட்டார் என்பதைப் பார்த்தால்தான் ஜார்ஜியா சபை ஏன் அவரைக் கண்டு அஞ்சியது என்பது விளங்கும்.

அவர் நின்ற 136ஆம் தொகுதியே புதிது. ஜார்ஜியாவின் 159 மாவட்டங்களில் பெரிய எட்டுக்குத் தலா 3 உறுப்பினர், அடுத்த முப்பதுக்குத் தலா 2, எஞ்சிய 121க்குத் தலா 1 என்று கீழவை அமைந்திருந்தது. அட்லாண்டாவை உள்ளடக்கிய ஃபுல்டன் மாவட்டத்தில் ஐந்தரை லட்சம் பேர். அவர்களுக்கு 3 உறுப்பினர். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத எக்கோல்ஸ் மாவட்டத்துக்கு 1. நகரத்துக் கறுப்பினத்தவரின் வாக்கு இந்தக் கணக்கில் கரைந்துபோனது. மக்கள்தொகைக்கு ஏற்பவே தொகுதிகள் அமைய வேண்டும் என்று 1964இல் உச்ச நீதிமன்றம் விதித்தது. எல்லைகள் திருத்தப்பட்டு, 1965 ஜூனில் சிறப்புத் தேர்தல் வந்தது.

பாண்ட் படித்த குடும்பத்துப் பிள்ளை. தந்தை ஹொரேஸ் மான் பாண்ட், பென்சில்வேனியாவின் லிங்கன் பல்கலைக்கழகத்துக்குத் தலைவரான முதல் கறுப்பினத்தவர். மகன் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் படிக்கும்போதே, 1960 மார்ச்சில், வெள்ளையருக்கு மட்டும் உணவு பரிமாறிய உணவகங்களில் மாணவர்கள் நடத்திய உள்ளிருப்புப் போராட்டத்தில் இறங்கினார். அடுத்த மாதம் ‘ஸ்நிக்’ என்று அழைக்கப்பட்ட மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு பிறந்தது. படிப்பைப் பாதியில் விட்டு அதன் செய்தித் தொடர்பாளரானார். தென்மாநிலச் சிற்றூர்களில் நடந்த கைதுகளையும் அடிதடிகளையும் பத்திரிகைகளுக்குக் கொண்டுசேர்ப்பது அவர் வேலை.

தேர்தலில் நிற்பது பற்றி ஸ்நிக் தோழர்களிடையே ஒத்த கருத்து இல்லை. இனப் பிரிவினைவாதிகள் கோலோச்சிய ஜனநாயகக் கட்சியின் பெயரில் நிற்பதா என்ற கேள்வி நியாயமானதே. கடைசியில் அதே கட்சியில் நிற்க முடிவானது. பிரசாரப் பொறுப்பை ஐவன்ஹோ டொனால்ட்சன் ஏற்றார். அட்லாண்டாவில் கறுப்பினத்தவர் வாக்கு அதுவரை பெரும்பாலும் போதகர்கள், வணிகர்கள் வழியாகவே திரட்டப்பட்டு வந்தது. பாண்டும் தோழர்களும் அந்த வாயில்களைத் தாண்டி, வைன் சிட்டி போன்ற ஏழைக் குடியிருப்புகளில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். மிசிசிப்பி, அலபாமா கிராமங்களில் வாக்காளர் பதிவுக்காகக் கதவு தட்டிப் பழகிய கைகள் அவை. வாக்குறுதிகளை அச்சடித்து நீட்டுவதற்கு முன், சட்டமன்றத்தில் உங்களுக்கு என்ன ஆக வேண்டும் என்று வீட்டுக்காரர்களையே கேட்டார்கள். பிறர் வீட்டில் சமைத்துத் துவைத்துப் பிழைத்த பெண்களுக்குக் கூட்டாட்சியின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அப்போது பொருந்தவில்லை. மணிக்கு 2 டாலர் கூலி என்ற கோரிக்கையின் அருமை அத்தகைய வீடுகளில்தான் தெரியும். வாக்காளருக்கான எழுத்தறிவுத் தேர்வை ஒழிப்பது, தொழிற்சங்கங்களை முடக்கிய சட்டத்தை நீக்குவது ஆகியவையும் அவருடைய திட்டத்தில் இருந்தன. இந்தப் பிரசார முறையே அந்தத் தேர்தலின் உண்மையான சாதனை என்பது என் கருத்து. 25 வயது பாண்ட் 82 விழுக்காடு வாக்குகளுடன் வென்றார்.

1966 ஜனவரி 3 அன்று அலபாமாவின் டஸ்கிகீயில், வெள்ளையருக்கான கழிப்பறையைப் பயன்படுத்த முயன்ற சாமி யங் என்ற ஸ்நிக் தொண்டர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கடற்படையில் பணியாற்றியவர். மூன்று நாள் கழித்து ஸ்நிக் வியட்நாம் போரைக் கண்டித்து அறிக்கை விட்டது. அதை எழுதியவர் பாண்ட் அல்ல. செய்தியாளர் கேட்டபோது, உடன்படுகிறேன் என்றார். 10ஆம் தேதி பதவியேற்கப் போனவரை மற்றவர்கள் உறுதிமொழி எடுக்கும்போது ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். அன்றே 184க்கு 12 என்ற வாக்குகளில் சபை அவரை மறுத்தது. அரசமைப்பைக் காப்பேன் என்று அவர் மனமார உறுதிமொழி எடுக்க முடியாதாம்!

இதே சபை 1868இல் ஹென்றி மெக்னீல் டர்னர் உள்ளிட்ட கறுப்பின உறுப்பினர்களை வெளியேற்றியது. அப்போது நிறத்தையே வெளிப்படையாகக் காரணம் காட்டினார்கள். 1966இல் தேசபக்தியைக் காட்டினார்கள். பாண்டோடு வென்ற மற்றக் கறுப்பின உறுப்பினர்களுக்குத் தடையில்லாததால், நிறம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இயக்கத்தை விட்டுக்கொடுக்காமல் சபைக்குள் வர நினைத்த ஒருவரைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

இந்த மறுப்பை எதிர்த்துப் பாண்ட் தொடுத்த வழக்கில், அந்தத் தொகுதியின் வாக்காளரான மார்ட்டின் லூதர் கிங் தாமும் ஒரு வாதியாகச் சேர்ந்தார். மூன்று நீதிபதிகள் கொண்ட கூட்டாட்சி அமர்வில் இரண்டுக்கு ஒன்று என்று பாண்ட் தோற்றார். உறுதிமொழியின் நேர்மையைச் சோதிக்கும் அதிகாரம் சக உறுப்பினர்களுக்குக் கிடையாது, பொதுப் பிரச்சினைகளில் கருத்துச் சொல்லும் உரிமை சட்டமன்ற உறுப்பினருக்கு முழுமையாக உண்டு என்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எர்ல் வாரன் பின்னர் எழுதினார்.

அதற்குள் வாக்காளர்கள் தங்கள் தீர்ப்பைச் சொல்லிவிட்டிருந்தார்கள். காலியானதாக அறிவிக்கப்பட்ட இடத்துக்கு 1966 பிப்ரவரியில் நடந்த தேர்தலிலும் பாண்டே வென்றார். சபையின் விதிக்குழு மீண்டும் மறுத்தது. நவம்பரில் மூன்றாம் முறையாக அவரையே அனுப்பினார்கள். 1967 ஜனவரி 9 அன்று அவர் பதவியேற்றார். 1966 செப்டம்பரிலேயே ஸ்நிக்கை விட்டு விலகியிருந்த அவர், அடுத்த இருபது ஆண்டுகள் கீழவையிலும் மேலவையிலுமாக அந்தச் சட்டமன்றத்தில் இருந்தார்.