அறுபது சொற்களும் இருபது ஆண்டுகளும்

போரை அதன் நோக்கத்தால் பகுத்துப் பெயரிட்டவர் நம் முன்னோர். ஆநிரை கவர்தல் வெட்சி. கவர்ந்த நிரையை மீட்டல் கரந்தை. பகைவர் மண்மேற் செல்லுதல் வஞ்சி. வலிமையை நிலைநாட்டுதலே பொருளாகப் பொருதல் தும்பை. வென்றோர் சூடுவது வாகை. கரந்தையை வெட்சியுள் அடக்குவார் தொல்காப்பியர். தனித்திணையாகக் கொள்வார் புறப்பொருள் வெண்பாமாலை ஆசிரியர். எவ்வாறாயினும், வாளெடுத்தவன் எதன்பொருட்டு எடுத்தான் என்பதைக் கொண்டே பெயர் அமைந்தது. பெயர் செயலுக்கு எல்லையும் வகுத்தது. நிரை மீண்டுவிட்டால் கரந்தை முடிந்தது.

இப்பாகுபாட்டை வகுப்பில் விளக்குந்தோறும் என் நினைவில் எழுவது நம் காலத்து வரலாறு ஒன்று. பயங்கரவாதத்தை எதிர்கொண்ட அமெரிக்க அதிபர்கள் அதற்கு இட்ட பெயரும், அப்பெயர் அவர்தம் வெளியுறவுக் கொள்கையை இழுத்துச் சென்ற வழியும் கவிஞர்களாகிய நாம் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

குற்றம் என்ற சொல்

1993ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் நிலவறையில் வெடித்த குண்டு அறுவரைப் பலிகொண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அதிபர் பில் கிளிண்டனின் அரசு இதனைக் குற்றம் என்றே கொண்டது. முதன்மைக் குற்றவாளி ரம்சி யூசுப் 1995இல் இஸ்லாமாபாத்தில் பிடிபட்டான். 1998 ஜனவரியில் நியூயார்க் நீதிமன்றம் அவனுக்கு ஆயுள் தண்டனையும் 240 ஆண்டுச் சிறையும் விதித்தது.

இம்முறையின் குறையையும் மறைத்தலாகாது. 1998 ஆகஸ்ட் 7ஆம் நாள் நைரோபியிலும் தார் எஸ் சலாமிலும் அமெரிக்கத் தூதரகங்கள் தகர்க்கப்பட்டு 224 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர். பதின்மூன்று நாட்களுக்குப் பின் கிளிண்டன் ஆப்கானிஸ்தானத்துப் பயிற்சி முகாம்கள் மீதும், சூடான் தலைநகர் கார்ட்டூமில் இருந்த மருந்துத் தொழிற்சாலை மீதும் ஏவுகணை செலுத்தினார். அத்தொழிற்சாலைக்கும் வேதியியல் ஆயுதத்துக்கும் தொடர்புண்டு என்று சொல்லப்பட்ட காரணம் பின்னர்ப் பெரிதும் ஐயத்துக்குள்ளாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் பின் லேடன் மீதான குற்றப்பத்திரிகை வெளியாயிற்று. 1999இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் தாலிபான் மீது தடை விதித்தது. ஏட்டில் எழுதிய குற்றம் மலைமுழைஞ்சுகளை எட்டவில்லை. 2000 அக்டோபரில் ஏடன் துறைமுகத்தில் 'கோல்' என்னும் போர்க்கப்பல் தாக்கப்பட்டு மாலுமியர் 17 பேர் உயிரிழந்தனர்.

போர் என்ற சொல்

2001 செப்டம்பர் 11ஆம் நாள் ஏறத்தாழ மூவாயிரவர் கொல்லப்பட்டனர். அன்றிரவே அதிபர் ஜார்ஜ் புஷ் தொலைக்காட்சியில் தோன்றி, பயங்கரவாதத்திற்கு எதிரான போரில் வெல்வோம் என்றார். செயலைச் செய்தவருக்கும் அவருக்கு இடமளித்தவருக்கும் வேறுபாடு காட்டோம் என்பதும் அவ்வுரையிலேயே வந்தது. சில நிமிட உரையில் ஒரு வல்லரசின் வெளியுறவுக் கொள்கை மாறிவிட்டது.

மறுநாள் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் தற்காப்புரிமையை எடுத்துரைத்துத் தீர்மானம் இயற்றியது. ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதல் அனைத்து நாடுகளின் மீதான தாக்குதலே என்னும் ஐந்தாம் விதியை நேட்டோ அமைப்பு தன் வரலாற்றில் முதன்முறையாகக் கையிலெடுத்தது. செப்டம்பர் 14ஆம் நாள் அமெரிக்கப் பேரவை அதிபருக்குப் படைவலி பயன்படுத்தும் அதிகாரத்தை வழங்கிற்று. அச்சட்டத்தின் உயிர்நாடியான வாக்கியம் அறுபது சொற்களால் ஆனது. அதில் நாட்டின் பெயரில்லை, காலவரம்பில்லை, நிலவெல்லையும் இல்லை. செனட்டில் 98 வாக்குகள் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுமில்லை. கீழவையில் 420 ஆதரவு, எதிர்ப்பு ஒன்றேயொன்று. அந்த ஒரு வாக்கு கலிபோர்னியாவின் பார்பரா லீ அம்மையாருடையது. அன்று வாஷிங்டன் தேவாலயத்தில் நடந்த நினைவு வழிபாட்டில் கலந்துகொண்டவர், எந்தத் தீமையை வெறுக்கிறோமோ அத்தீமையாக நாமே ஆகிவிடலாகாது என்னும் கருத்தை அவையில் தழுதழுத்த குரலில் முன்வைத்தார். மிரட்டல்கள் குவிந்தன, காவல் தேவைப்பட்டது.

சொல்லின் வலிமையை அரசும் விரைவில் உணர்ந்தது. செப்டம்பர் 16ஆம் நாள் புஷ் தம் போரைச் 'சிலுவைப்போர்' என்னும் பொருள்படக் குறித்தார். முஸ்லிம் நாடுகள் அதிர்ந்தன. வெள்ளை மாளிகை வருத்தம் தெரிவித்தது. படைநடவடிக்கைக்கு முதலில் 'முடிவிலா நீதி' எனப் பெயரிட்டனர். முடிவிலா நீதி இறைவனுக்கே உரியது என்னும் எதிர்ப்பெழவே 'நிலைத்த விடுதலை' என மாற்றினர். இவ்விரண்டு சொற்களையும் திருத்தியவர்கள் 'போர்' என்ற சொல்லைத் திருத்தவில்லை.

எல்லை கடந்த சொல்

அக்டோபர் 7ஆம் நாள் தொடங்கிய ஆப்கானிஸ்தானப் படையெடுப்பைக் கரந்தை எனலாம். தாக்கியவர் அங்கிருந்தனர், ஒப்படைக்கத் தாலிபான் மறுத்தது. அதற்குள் வெளியுறவும் புதுவடிவம் கொண்டது. தாலிபானை ஏற்றிருந்த பாகிஸ்தான் அணி மாறியது. 1998 அணுச்சோதனைக்காக இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் விதித்த தடைகள் செப்டம்பர் 22ஆம் நாளே விலக்கப்பட்டன.

ஆனால் 2002 ஜனவரியில் ஈராக், ஈரான், வட கொரியா ஆகிய மூன்றையும் 'தீமையின் அச்சு' என்று புஷ் குறித்தபோது கரந்தை வஞ்சியாயிற்று. 2003 மார்ச்சில் ஈராக்கின் மீது படை சென்றது. தேடிச் சென்ற பேரழிவு ஆயுதக் குவியல் கிடைக்கவில்லை. செப்டம்பர்த் தாக்குதலை ஆராய்ந்த ஆணையம், சதாம் உசேனுக்கும் அல்காயிதாவுக்கும் கூட்டுச் செயற்பாடு இருந்ததற்குச் சான்றில்லை என 2004இல் அறிவித்தது. பகைவனை விடுத்து ஒரு முறையின் மீது தொடுத்த போரில் சரணடைவார் யார்? அச்சத்துக்குத் தலைநகர் இல்லை. அதனால் போர் தும்பையிலேயே நின்றுவிட்டது.

மாமனும் மருமகனும்

இவ்விரு சொற்களின் பயனை ஒரே குடும்பத்தில் காணலாம். 1993இல் குண்டு வைத்த ரம்சி யூசுப், செப்டம்பர்த் தாக்குதலைத் திட்டமிட்ட காலித் ஷேக் முகமதுவின் மருமகன். மருமகன் குற்றவாளியாக நடத்தப்பட்டான். ஐந்தாண்டுக்குள் தீர்ப்பு வந்தது. மாமன் 2003இல் பிடிபட்டு, இரகசியச் சிறைகளில் வதைக்கப்பட்டு, 2006இல் குவாண்டனாமோவுக்குக் கொண்டுவரப்பட்டான். 2024ஆம் ஆண்டின் இறுதியிலும் அவன்மீது முறையான விசாரணை தொடங்கவில்லை. உற்றாரை இழந்தோருள் முதியவர் பலர் தீர்ப்பைக் காணாமலேயே மறைந்தனர். போர் என்ற சொல் வலியது என்று கருதித் தேர்ந்தனர். நீதி அதனால் விரைந்து வந்திலது.

பின்வந்த பராக் ஒபாமா, 'பயங்கரவாதத்திற்கு எதிரான போர்' என்னும் தொடரைக் கைவிட்டார். 2011 மே மாதம் அபோட்டாபாத்தில் பின் லேடன் கொல்லப்பட்டான். நிரை மீட்கப்பட்டதாகக் கொண்டு அன்றே கரந்தையை முடித்திருக்கலாம். 2013இல் ஒபாமா, அறுபது சொற்களை இறுதியில் நீக்கவேண்டும் என்றார். 2014இல், 2001இல் அப்பெயரில் இல்லாதிருந்த ஐ.எஸ். அமைப்பைத் தாக்க அதே சொற்களையே சான்று காட்டினார். 2020 பிப்ரவரியில் டிரம்பின் அரசு தோகாவில் தாலிபானோடு உடன்படிக்கை செய்தது. 2021 ஆகஸ்ட் 15ஆம் நாள் அதே தாலிபான் காபூலுள் புகுந்தது. அம்மாதம் 30ஆம் நாள், பைடன் ஆட்சியில், கடைசி அமெரிக்க வீரரும் வெளியேறினார். வாகை சூட எவருமில்லை.

சங்க காலத்துத் திணையை இக்கால அரசியலுக்கு அப்படியே பொருத்துதல் முறையன்று என்பதை அறிவேன். ஆயினும் எந்தப் போர், எதற்காக, எப்போது முடியும் என்ற மூன்று வினாக்களும் அத்திணைப் பெயர்களுள் உறைகின்றன. 2001 செப்டம்பரில் அவ்வினாக்களைக் கேட்டவர் அவையில் ஒருவரே. நம் நாளேடுகளும் அத்தொடரை அப்படியே மொழிபெயர்த்து நாள்தோறும் அச்சிட்டன, நாமும் படித்தோம், மேடைக் கவிதைகளிலும் கையாண்டோம்.

பத்தாண்டுகளாகச் சொல்லை எடைபோட்டுப் பயின்ற மன்றம் இது. சினமும் துயரும் மிக்க பொழுதில் ஆள்வோர் ஒரு சொல்லைக் கொடுக்கும்போது, அதை யாப்பில் அமைக்குமுன் அச்சொல்லுக்கு முடிவுண்டா என்று கேட்பது நம் கடன்.