நாள்வழியும் பேரேடும்

கணக்கு எழுதுவோர் இரண்டு ஏடுகள் வைத்துக்கொள்வது வழக்கம். வரவு செலவுகளை நடந்த வரிசையிலேயே பதிவது நாள்வழி. அவற்றை ஆள்வாரியாகப் பிரித்து, இன்னார் கணக்கில் இவ்வளவு என்று எடுத்து எழுதுவது பேரேடு. இளமையில் நான் ஒரு துணிக்கடையில் கணக்கருக்கு உதவியாளாக இருந்தேன். பாக்கித் தொகையைக் கட்டிவிட்டதாக வாடிக்கைக்காரர் ஒருவர் ஒரு நாள் வாதாடினார். பேரேட்டில் அவர் பெயரின்கீழ் அந்த வரவு இல்லை. கணக்கர் சினங்கொள்ளாமல் நாள்வழியைப் புரட்டினார். மூன்று மாதத்திற்கு முந்திய பக்கமொன்றில் தொகை இருந்தது. பேரேட்டில் ஏற்றாமல் விட்டவன் நானே.

அந்த நிகழ்ச்சி, பிளாக்செயின் என்னும் கணினிக் கணக்கேட்டின் வரலாற்றைக் கற்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருகிறது. 1494-ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் அச்சேறிய தம் கணித நூலில், லூக்கா பாச்சோலி என்னும் துறவி இரட்டைப் பதிவுக் கணக்கை விளக்கினார். பேரேட்டோடு பெயர்களை அகரவரிசையில் காட்டும் ஓர் அடைவும் வேண்டும் என்று அவர் அப்போதே வற்புறுத்தினார். எழுதி வைப்பது ஒரு கலை. எழுதியதைத் தேடி எடுப்பது வேறொரு கலை.

சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008 அக்டோபர் 31 அன்று ஒரு கட்டுரை வெளிவந்தது. 2009 ஜனவரி 3 அன்று பிட்காயினின் முதற்கட்டு உருவாயிற்று. கொடுக்கல் வாங்கல்கள் கட்டுக்கட்டாகத் தொகுக்கப்பெறும். ஒவ்வொரு கட்டும் முந்திய கட்டின் முத்திரை எண்ணைத் தன்னுள் தாங்கியிருக்கும். பழைய கட்டில் ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது, திருட்டு வெளிப்பட்டுவிடும். 2015 ஜூலை 30 அன்று தொடங்கிய எதீரியம், பணக்கணக்கோடு தாமே இயங்கும் ஒப்பந்த நிரல்களையும் இந்தச் சங்கிலியில் ஏற்றியது. இதனைப் பேரேடு என்று பலரும் சொல்லுகின்றனர். உண்மையில் இது நாள்வழி. நடந்த வரிசை ஒன்றையே அறியும்.

இங்கேதான் செயலி செய்வோர்க்கு இடர்ப்பாடு தோன்றியது. இந்த முகவரியில் இன்று எவ்வளவு ஈதர் இருக்கிறது என்று வினவினால் எதீரியக் கணினி உடனே விடை தரும். இந்த முகவரியார் இதுவரை செய்த கொடுக்கல் வாங்கல் யாவை, இந்த ஒப்பந்தத்தின் வில்லைகளை வைத்திருப்போர் அனைவரும் யாவர் என்று வினவினால், நேரான விடை அதனிடம் இல்லை. முதற்கட்டிலிருந்து படித்துக்கொண்டே வரவேண்டும். 2024-ஆம் ஆண்டில் எதீரியத்தின் கட்டுகள் 2 கோடியைக் கடந்தன. ஒரு வினாவுக்காக இத்தனையையும் புரட்டுவது ஆகிற காரியமா?

எதீரியத்தை அமைத்தோர் சிறிது வசதி செய்தே வைத்தனர். ஒப்பந்தம் இயங்கும்போது நிகழ்ச்சிக் குறிப்புகளை வெளியிடலாம். ஒவ்வொரு கட்டின் முகப்பிலும் அக்குறிப்புகளுக்கென 2,048 பிட் அளவுள்ள ஒரு சல்லடை உண்டு. பர்ட்டன் புளூம் என்பவர் 1970-இல் வகுத்த முறை அது. தேடும் பொருள் கட்டில் இல்லையென்றால் அது பெரும்பாலும் இல்லை என்று சொல்லிவிடும். அந்தச் சொல் பொய்க்காது. இருக்கலாம் என்று சொன்னாலோ, உள்ளே பார்த்தால்தான் தெரியும். கட்டுகளில் குறிப்புகள் நெருக்கமாக நிறைந்தபோது சல்லடையின் பயன் குறைந்தது.

ஆகவே செயலி செய்வோர் தத்தமக்கெனப் பேரேடு எழுதும் நிரல்களை அமைத்தனர். வேலை எளிதன்று. சங்கிலியின் நுனியில் சிற்சில சமயம் ஒரு கட்டு நீங்கி வேறொரு கட்டு அந்த இடத்தில் அமையும். அப்போது பேரேட்டில் ஏற்றியதை அழித்துத் திரும்ப எழுதவேண்டும். எல்லாரும் தனித்தனியே பட்ட இத்தொல்லையைப் பொதுவில் தீர்க்க 2018-இல் தி கிராஃப் என்னும் முயற்சி தோன்றியது. எந்த ஒப்பந்தத்தின் எந்தக் குறிப்புகளைக் கவனிப்பது, பேரேட்டின் தலைப்புகள் எவை, குறிப்பு எவ்வாறு பதிவாகும் என்னும் மூன்றையும் செயலி செய்வோர் எழுதிக் கொடுத்தால், அதற்கேற்ற அடைவு உருவாகும். ஃபேஸ்புக் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட கிராஃப்கியூஎல் என்னும் வினாமொழியில் கேட்டு விடை பெறலாம்.

வசதி வந்தது, கூடவே ஒரு கேள்வியும் வந்தது. எவரையும் நம்பவேண்டாத நாள்வழியைப் படைத்துவிட்டு, அதைப் படித்துச் சொல்லும் ஒருவரை நம்புவதா? 2020 நவம்பர் 11 அன்று, பலருக்கும் எதீரியத்தின் வாயிலாக விளங்கிய இன்ஃபூரா என்னும் சேவையின் கணினிகள் பழைய நிரலில் இயங்கியதால் வழிதவறின. சங்கிலி தொடர்ந்து வளர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் செயலிகள் பல செயலற்றன. வாயில் அடைபட்டால் உள்ளிருக்கும் ஏடு யாருக்குப் பயன்படும்?

அவ்வாண்டு டிசம்பரில் தி கிராஃப் பரவலான வலையமைப்பாகத் திறக்கப்பெற்றது. அடைவு எழுதுவோர் பிணைத்தொகை கட்டவேண்டும். தவறான விடை தந்தது மெய்ப்பிக்கப்பட்டால் அதில் ஒரு பகுதியை இழப்பர். இது நல்ல ஏற்பாடே. ஆயினும், தவறென்று மெய்ப்பிக்க எதனைக் கொண்டு ஒப்பிடுவது? நாள்வழியைக் கொண்டுதானே?

2025 ஜூலை முதல், 2022 செப்டம்பர் 15-க்கு முந்திய கட்டுகளின் உள்ளடக்கத்தை எதீரியக் கணினிகள் விட்டுவிட வழி செய்யப்பட்டது. வட்டின் இடம் மிச்சமாகும்; புதியோர் எளிதில் சேரலாம். அதனை நான் குறை கூறேன். பழைய ஏடுகள் தனிக் காப்பகங்களில் இருக்கின்றன. ஆனால் அவற்றைக் காப்போர் சிலராகச் சுருங்குவரேல், பழங்கணக்கைச் சரிபார்க்கும் ஆற்றலும் அச்சிலரிடமே சுருங்கும்.

அன்று கணக்கர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பேரேடு பிழைபடும், தம்பி. நாள்வழி இருக்கும்வரை திருத்திக்கொள்ளலாம்" என்றார். விரைந்து விடை சொல்லும் அடைவு வேண்டும். அவ்விடையை ஐயுறுவோன் தானே புரட்டிப் பார்க்கப் பழைய ஏடும் பலர் கையில் இருக்கவேண்டும்.