ஊதுகுழலும் சட்டமும்

கொழும்பு மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை மோட்டார் உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற கடைத்தெருவாகும். அத்தெருவில் ஆணி முதல் ஊதுகுழல் வரை யாவும் வாங்கலாம். ஆயினும், பணங்கொடுத்து வாங்கியவர் தாம் விரும்பிய ஓசையெல்லாம் எழுப்பும் குழலை வண்டியிற் பூட்ட உரிமையுடையவரா? இவ்வினாவின் விடை, ‘ஹோர்ன்’ என நாம் வழங்கும் அக்கருவியின் வரலாற்றில் அடங்கியுள்ளது.

1896ஆம் ஆண்டு பிரித்தானியச் சட்டம், மோட்டார் வண்டி தன் வருகையை அறிவிக்க மணியையோ வேறு கருவியையோ கொண்டிருத்தல் வேண்டுமென விதித்தது. ஓசை எத்தகையது என்பதை அது வரையறுக்கவில்லை. 1902இல் இலங்கைக்கு முதல் மோட்டார் வண்டி வந்தபோது, கொழும்புத் தெருக்களில் மாட்டுவண்டிகளும் ரிக்‌ஷாக்களும் மின்சார டிராம் வண்டிகளும் சென்றுகொண்டிருந்தன. மணியோசை நிறைந்த அத்தெருக்களில் மோட்டாரை வேறுபடுத்திக் காட்டியது றப்பர்ப் பந்தை அழுத்தி ஊதும் குழலேயாகும்.

1908இல் அமெரிக்காவிலே ‘கிளாக்சன்’ என்னும் மின்குழல் தோன்றியது. பற்சக்கரமொன்று உலோகத் தகட்டை அதிரச்செய்ய, செவியைத் துளைக்கும் ஓசை பிறந்தது. புகைக்குழாயின் காற்றினால் பல சுரம் பாடும் குழல்களும் விற்பனைக்கு வந்தன. எச்சரிக்கைக் கருவி சிலருக்கு விளையாட்டுக் கருவியாயிற்று. தொல்லை மிகவே, 1934இல் பிரித்தானிய அரசு ஊர்ப்புறங்களில் இரவு 11.30 முதல் காலை 7 மணி வரை குழலொலியைத் தடைசெய்தது.

1949இல் ஜெனீவாவில் உருவான வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை, நாடுவிட்டு நாடு செல்லும் மோட்டார் வண்டிகளின் எச்சரிக்கைக் கருவி மணியாகவோ, சேகண்டியாகவோ, சங்கொலிக் கருவியாகவோ, கடுஞ்செவியொலி எழுப்புவதாகவோ இருத்தலாகாதென்றது. 1957இல் இலங்கையும் அதில் இணைந்தது. 53 ஆண்டுகளுக்கு முன் சட்டம் கேட்டு வாங்கிய மணியே விலக்கப்பட்ட பொருளாயிற்று! இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், அடுத்தடுத்துப் பல சுரம் எழுப்பும் குழல்களை வெளிப்படையாகவே தடுத்து, நோயாளர் வண்டி, தீயணைப்பு வண்டி முதலியவற்றுக்கு மட்டும் விலக்களித்தன. இலங்கையில் 1980ஆம் ஆண்டுச் சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த ஒழுங்குவிதிகள், இரண்டு மீற்றர் தொலைவில் 105 டெசிபெல்லை மிஞ்சும் குழலொலியைத் தடைசெய்தன.

இத்துணைக் கட்டுப்பாடு எதற்கு? ஊதுகுழல் சொல்வது ஒரே சொல்: ‘வண்டி வருகிறது, விலகுக.’ அதைக் கேட்பவர் ஓட்டுநரை அறியாதவர், பார்வையற்றவராகவும் இருக்கலாம். கேட்டவுடன் பொருள் விளங்கினாலன்றி அவருக்கு அது பயன்படாது. பாட்டொலி கேட்ட குழந்தை விலகாது. வேடிக்கை பார்க்கத் திரும்பும். நோயாளர் வண்டியின் ஓசையை மற்றொருவர் விளையாட்டுக்குக் கைக்கொண்டால், மெய்யான வண்டிக்கு வழிவிடுவார் யார்? வண்டி உரிமையாளருக்குச் சொந்தம். அதன் எச்சரிக்கையோ தெருவில் நடப்போர் அனைவருக்கும் சொந்தம்.