சமன்பாடு அமரும் இடம்

கணித வரலாற்றைக் கூறுவோர் புதிய உண்மைகளைக் கண்டறிந்தவர்களைப் போற்றுவர்; அவ்வுண்மைகள் தாளில் அமைந்த வகையைப் பற்றி அதிகம் பேசமாட்டார். இன்று நான் சொல்லப்போவது அந்த அமைப்பின் வரலாறு. அதில் ஒரு பகுதி நம் விழுப்புரத்தைத் தொட்டுச் செல்கிறது.

1910ஆம் ஆண்டில் கும்பகோணத்து இளைஞர் ஒருவர் விழுப்புரத்தில் வண்டி மாறித் திருக்கோவிலூர் சென்றார். அவர் கையில் இருந்தது ஒரு கணிதக் குறிப்பேடு. அவரே சீனிவாச இராமானுஜன். திருக்கோவிலூரில் அப்போது டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. இராமசுவாமி ஐயர், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். தம்மிடம் வேலை கேட்டு வந்தவரின் ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். இத்தகைய மேதையை வருவாய்த்துறையின் கீழ்ப்படியில் முடக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

1911இல் இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை, பெர்னூலி எண்களைப் பற்றியது, அக்கழகத்தின் இதழில் வெளிவந்தது. எளிதில் வந்துவிடவில்லை. தெளிவு போதாதென்று இதழாசிரியர் நாராயண ஐயங்கார் கையெழுத்துப் படியை மும்முறை திருப்பியனுப்பினார். கற்பலகையில் கணக்கிட்டு, முடிவை மட்டும் தாளில் குறிப்பது இராமானுஜனின் வழக்கம். தமக்கு விளங்கியதைப் பிறர் கண்ணுக்கும் விளங்குமாறு அமைக்க அவரும் பழக வேண்டியிருந்தது.

அக்காலத்தில் அச்சுக் கோப்பவரின் பணியும் எளிதன்று. உரைநடை ஒரே கோட்டில் ஓடும். சமன்பாடு மேலும் கீழும் விரியும். ஒவ்வொரு குறிக்கும் தனி ஈய எழுத்தைப் பொறுக்கி, வெற்றிடங்களை ஈயத் துண்டுகளால் நிரப்பி, அசையாமல் இறுக்கவேண்டும். இங்கே இடமே பொருளாகிறது. எக்ஸ் என்னும் எழுத்தின் தோளில் 2 அமர்ந்தால் அது வர்க்கம். முன்னால் நின்றால் இருமடங்கு. காலடியில் தாழ்ந்தால் வெறும் அடையாள எண்.

1957இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இராமானுஜனின் குறிப்பேடுகளை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. அவை அச்சுக் கோக்கப்படவில்லை. கையெழுத்தே நிழற்படமாக வெளிவந்தது. புரூஸ் பெர்ண்ட் என்னும் அமெரிக்க அறிஞர் அம்முடிவுகளை நிறுவல்களோடும் விளக்கங்களோடும் 1985 முதல் 1998 வரை ஐந்து பாகங்களாகப் பதிப்பித்தார்.

இதற்கிடையே ஈய எழுத்தின் காலம் மறையத் தொடங்கியிருந்தது. 1977இல் டொனால்டு கனூத் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த சரிபார்ப்புப் படிகளின் தோற்றத்தைக் கண்டு வருந்தினார். கணிதத்தை அழகுற அச்சிடுவதற்கென்றே 'டெக்' என்னும் கணினி நிரலை எழுத முனைந்தார். அச்சுக் கோப்பவரின் கைப்பழக்கம் கணினிக்கு விதிகளாக மாறிற்று.

திண்டிவனத்தில் நான் ஆசிரியப் பணியிலிருந்த நாட்களில், வினாத்தாளை ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்வோம். சமன்பாட்டுக்கு இடம் விட்டு, பின்னர் எழுத்தாணியால் கீறிச் சேர்ப்போம். இடம் குறைந்தால் பின்னத்தின் அடிப்பகுதி அடுத்த வரியில் போய் இடிக்கும்.

இன்று நீங்கள் வேர்டு ஆவணத்தில் ஆல்ட் விசையோடு சமக்குறியை அழுத்தினால், சமன்பாட்டுக்குரிய பெட்டி திறக்கிறது. அதை வரிக்குள்ளேயும் வைக்கலாம்; தனி வரியில் நடுவிலும் நிறுத்தலாம். எதை எங்கே வைப்பது? சிறிய கோவை வாக்கியத்தோடு வரியிலேயே இருக்கட்டும். உயர்ந்த பின்னமும் நீண்ட தொடரும் தனி வரியில் நிற்கட்டும். பின்னால் மீண்டும் சுட்டவேண்டியதாயின் ஓரத்தில் எண் இடுங்கள். படிப்பவரின் கண் தடுமாறாமல் செல்லவேண்டும் என்பதே அளவுகோல்.

விடை சரியாக இருக்கும்போது அமைப்பைப் பற்றிக் கவலை ஏன் என்று சிலர் கேட்பதுண்டு. அவர்கள் இராமானுஜனின் அந்த முதற் கட்டுரையை எண்ணிப் பார்க்கட்டும். அம்மேதை சலிக்காமல் திருத்தி எழுதினார். நீங்களும் ஒருமுறை திருத்தி எழுதத் தயங்காதீர்கள்.