பம்பளிமாசும் பாகும் பஞ்சும்

பம்பளிமாசு என்ற சொல்லை நம் ஊர்ப் பழக்கடையில் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். பிரெஞ்சுப் பள்ளியில் சேர்ந்த புதிதில், படம் போட்ட பாடப்புத்தகத்தில் அந்தப் பழத்தின் கீழே 'பம்ப்ளமூஸ்' என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து, தமிழ்ச் சொல்லைப் பிரெஞ்சுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று எங்கள் வகுப்பே நம்பியது. விஷயம் அதைவிடச் சுவையானது. பழம் தென்கிழக்கு ஆசியாவுடையது. பெயரோ டச்சுக்காரர் தந்தது. 'பொம்பல்மூஸ்' என்று அவர்கள் அழைத்ததையே பிரெஞ்சுக்காரர் ஒரு விதமாகவும் நாம் வேறு விதமாகவும் உச்சரித்துக்கொண்டோம். வங்காளத்தில் இதே பழத்துக்கு 'பாதாபி லெபு' என்று பெயர். டச்சுக்காரரின் தலைநகரான பத்தாவியாவிலிருந்து வந்த எலுமிச்சை என்று பொருள். பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்தவர்கள். 1693 முதல் ஆறு ஆண்டுகள் நம் புதுச்சேரியையும் பிடித்து வைத்திருந்தவர்கள். பழத்தின் பெயர் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

ஆரஞ்சு நேர்மாறு. அது நம்மிடமிருந்து போன சொல். நாரத்தை, நாரங்காய் என்னும் திராவிடச் சொல்லே வடமொழியில் நாரங்கமாகி, பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், ஸ்பானிய மொழியில் நரஞ்ஹா என்று நடந்து போனது. பிரான்சு போய்ச் சேர்வதற்குள் முதலில் இருந்த 'ந' உதிர்ந்துவிட்டது. பொன்னுக்குப் பிரெஞ்சில் 'ஓர்' என்று பெயர். பழத்தின் நிறமும் பொன்தானே, 'ஓரான்ஷ்' ஆகிவிட்டது. பிறகு ஆங்கிலேயன் வாயில் புகுந்து, கப்பலேறித் திரும்பி வந்து, கமலாப் பழத்துக்குப் பெயராக நம் வீட்டிலேயே குடியேறிவிட்டது. நாரத்தை கொல்லையில் நிற்க, அதன் பேரப்பிள்ளை கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

எலுமிச்சையிலும் ஒரு குழப்பம் உண்டு. பிரெஞ்சில் 'சித்ரோன்' என்றால் எலுமிச்சை. ஆங்கிலத்தில் 'சிட்ரன்' என்றால் கடாரநாரத்தை. பழைய பிரெஞ்சுக் கோப்புகளை ஆங்கிலத்தில் பெயர்க்கும் பிரிவில் நான் இருந்தபோது, சக ஊழியர் ஒருவர் எலுமிச்சைக்கு எல்லா இடத்திலும் கடாரநாரத்தை என்று வரும்படி எழுதிவிட்டார். மேலதிகாரி, பிரெஞ்சுக்காரர்கள் ஊறுகாய் போட்டே வாழ்ந்தார்களா என்று கேட்டார்.

பழம் போதும், பாகுக்கு வருவோம். அரபியில் 'குடி' என்று பொருள்படும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தவை நம் சர்பத்து, பிரெஞ்சுக்காரரின் 'சிரோ', 'சொர்பே', ஆங்கிலேயரின் 'சிரப்', 'ஷ்ரப்' எல்லாம். சர்க்கரைப் பாகில் பழரசத்தையும் வாசனைப் பொருளையும் சேர்த்து வைத்தால் கெடாது, வேண்டும்போது நீர் கலந்து குடிக்கலாம் என்பதுதான் இவை அத்தனைக்கும் அடிப்படை. பாரீஸில் எலுமிச்சைப் பானம் விற்றவர்கள் 1676இல் தனிச் சங்கமாகவே அங்கீகாரம் பெற்றார்கள். 'லிமொனாதியே' என்பது அவர்கள் தொழிற்பெயர். பின்னாளில் காபிக் கடைக்காரரையும் அந்தப் பெயராலேயே அழைத்தார்கள்.

அந்தக் காலத்தில்தான் பிரான்சுவா பெர்னியே என்ற மருத்துவர் முகலாய அரசவைப் பக்கம் சில ஆண்டுகள் இருந்து, வங்காளம் வரை சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். 1670இலிருந்து அவருடைய பயண நூல் வெளிவரத் தொடங்கியது. வங்காளத்தில் ஐரோப்பியர்கள் குடித்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட 'பூல்போன்ஷ்' என்னும் பானத்தைப் பற்றி அதில் எழுதுகிறார். கருஞ்சர்க்கரையிலிருந்து இறக்கிய சாராயம், எலுமிச்சை ரசம், தண்ணீர், மேலே சிறிது துருவிய ஜாதிக்காய். ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் தங்கள் ஆட்களுக்கு இதைக் குறைத்த பிறகு அங்கே சாவும் நோயும் குறைந்தன என்கிறார். ஆங்கிலத்தில் 'பௌல் ஆஃப் பஞ்ச்' என்பதைத்தான் அவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். பஞ்ச் என்ற சொல்லுக்குப் பலரும் தரும் விளக்கம் நம் 'பஞ்ச', அதாவது ஐந்து. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, நீர், மசாலை என்று ஐந்து பொருள்கள்.

இப்போது பெருமாள் கோயிலில் ஸ்ரீராமநவமிக்குக் கொடுக்கும் பானகத்தை நினைத்துப் பாருங்கள். வெல்லம், தண்ணீர், எலுமிச்சை, சுக்கு, ஏலம். இதுவும் ஐந்துதான். பஞ்சிலிருந்து சாராயத்தை எடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது ஏறக்குறையப் பானகம். துரைமார் கோயிலில் கைநீட்டி வாங்கிக் குடித்துக் கற்றுக்கொண்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வெயிலில் வாடியவனுக்கு இனிப்பும் புளிப்பும் காரமும் கலந்த நீர் வேண்டும் என்பதை இந்த நாடு அவர்கள் கப்பல் கரை தட்டுவதற்கு முன்பே அறிந்திருந்தது. ஐரோப்பாவின் பெரிய விருந்துகளில் வெள்ளிக் கிண்ணத்தில் பரிமாறிய பஞ்சு, நம் கடற்கரைகளில் மாலுமிகள் கலக்கிக் குடித்த சரக்குதான்.

பெர்னியே சொல்லும் ஜாதிக்காய் அன்று டச்சுக்காரர் கைப்பிடியில் இருந்தது. அந்தப் பூட்டை உடைத்தவர் பியேர் புவாவர் என்ற பிரெஞ்சுக்காரர். புவாவர் என்றால் பிரெஞ்சில் மிளகு, பிறவியிலேயே அமைந்த பெயர்! ஆங்கிலேயருடன் நடந்த கடற்சண்டையில் ஒரு கையை இழந்தவர். மொரீசியசில் நிர்வாகியாக இருந்தபோது, 1770இல் கிராம்பு, ஜாதிக்காய்க் கன்றுகளை டச்சுத் தீவுகளிலிருந்து களவாகக் கொண்டுவரச் செய்தார். அவற்றை நட்டு வளர்த்த தோட்டம் இருக்கும் இடத்தின் பெயர் என்ன தெரியுமா? பம்ப்ளமூஸ். அந்த வட்டாரத்துக்கே நம் பழத்தின் பெயர். இன்றும் மொரீசியஸ் போகிறவர்கள் பார்க்காமல் திரும்பாத தோட்டம் அது. அந்தத் தீவில் துறைமுகமும் கட்டடங்களும் எழும்பியபோது புதுச்சேரியிலிருந்து போன தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும் அங்கே வேலை செய்திருக்கிறார்கள்.

பழமும் மசாலையும் சேர்ந்துவிட்டன. சர்க்கரை யார் கையால் வந்தது? இனிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. பிரெஞ்சுக்காரரின் சர்க்கரை மேற்கிந்தியத் தீவுகளிலும் ரெயூனியனிலும் ஆப்பிரிக்க அடிமைகள் வெட்டிய கரும்பிலிருந்து வந்தது. 1848இல் அடிமை முறையைப் பிரான்சு ஒழித்தது. தோட்டம் வைத்திருந்தவர்கள் ஆள் தேடினார்கள். தேடி வந்த துறைமுகங்கள் புதுச்சேரியும் காரைக்காலும். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். 1853 மே மாதம் 'ஓரேலி' என்ற கப்பல் முந்நூறுக்கு மேற்பட்ட நம்மவர்களை மார்த்தினிக் தீவில் இறக்கியது. அதே கப்பல் அடுத்த ஆண்டு குவாதலூப் தீவின் புவேந்த்தாபித்ர் துறைமுகத்தை அடைந்த நாள் 1854 டிசம்பர் 24. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்.

அன்றைக்கு அந்த ஊர் வீடுகளில் என்ன வாசனை வந்திருக்கும் என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் கிறிஸ்துமஸ் பானம் 'ஷ்ரப்'. ஆரஞ்சுத் தோலை வெள்ளைப் பகுதி இல்லாமல் மெல்லியதாகச் சீவி, வெயிலில் உலர்த்தி, ரம்மில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, பட்டை, ஜாதிக்காய், வனிலா போட்டுக் காய்ச்சிய கரும்புச் சர்க்கரைப் பாகைக் கலந்து வடிகட்டி வைப்பார்கள். டிசம்பர் மாதம் முழுதும் அண்டை அயலார் கூடிப் பாட்டுப் பாடும் இரவுகளில் இதைச் சிறு குவளைகளில் ஊற்றிக் கொடுப்பார்கள். பெயர் அரபி, பழம் ஆசியா, மசாலை மொலுக்கஸ், ரம்மும் பாகும் அந்த மண். அந்தக் கரும்பை வெட்டியவர்கள் முதலில் ஆப்பிரிக்கர், பிறகு அவர்களோடு நம்மவர்.

1880களின் முடிவுக்குள் குவாதலூப்புக்குச் சுமார் 42 ஆயிரம் பேரும் மார்த்தினிக்குக்குச் சுமார் 25 ஆயிரம் பேரும் போனார்கள். எல்லோரும் புதுச்சேரிக்காரர்கள் அல்லர். 1861 ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் பகுதிகளிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். திரும்பி வந்தவர்கள் குறைவு. ராமசாமி, வேங்கடசாமி போன்றவை அங்கே இன்றும் குடும்பப் பெயர்கள். அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குக்கூட வாக்குரிமை மறுத்தபோது, ஆன்ரி சிதம்பரம் என்பவர் 1904 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டு வழக்காடி உரிமை வாங்கித் தந்தார். நம் பள்ளியில் பிரான்சு நாட்டு ஆறுகளையெல்லாம் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். இந்த மனிதரைப் பற்றி ஒரு வரி சொல்லித் தரவில்லை.

புதுவையில் கிறிஸ்துமஸுக்கு ரவையும் நெய்யும் சேர்த்துச் செய்யும் கேக்கில், ரம்மில் ஊறிய திராட்சையோடு பாகில் வெந்த ஆரஞ்சுத் தோலும் விழும். ஷ்ரப்பின் ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். தோலை வீட்டிலேயே செய்யலாம், கடையில் சாயம் போட்டு விற்பதை வாங்க வேண்டியதில்லை. என் மனைவி செய்யும் முறையை எழுதுகிறேன்.

நல்ல கமலாவோ நாரத்தையோ, தோலை உரித்து விரல் நீளத்துக்கு நறுக்கவும். தண்ணீரில் கொதிக்கவிட்டு அந்த நீரைக் கொட்டிவிடவும். மூன்று முறை இப்படிச் செய்தால்தான் கசப்பு இறங்கும், நாரத்தைக்கு நாலாவது முறையும் வேண்டும். பிறகு தோலின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை, அதில் பாதி தண்ணீர், ஒரு துண்டு பட்டை, நாலு கிராம்பு போட்டுச் சிறுதீயில் தோல் கண்ணாடிபோல் ஆகும்வரை வேகவிடவும். பாகு பூத்துப்போகாமல் இருக்கச் சில சொட்டு எலுமிச்சை பிழிய வேண்டும். ஜாங்கிரி போடுகிறவர்கள் செய்வதும் இதுதான், புளிப்பு சர்க்கரையை மீண்டும் கட்டியாக விடாது. தோலை எடுத்துத் தட்டில் பரப்பி நிழலில் இரண்டு நாள் உலர்த்தினால் வேலை முடிந்தது.

மிச்சமிருக்கும் பாகுதான் எனக்கு முக்கியம். கமலாப் பழத்தைக் குறுக்கே வட்டமாக அரிந்து, விதை நீக்கி, இந்தப் பாகை வெதுவெதுப்பாக ஊற்றி, குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்தால் விருந்தாளிக்குக் கொடுக்கத் தகுந்த இனிப்பு. பானமாக வேண்டுமென்றால் குளிர்ந்த நீரில் இரண்டு கரண்டி பாகு, அரை மூடி எலுமிச்சை, சிட்டிகை உப்பு. எலுமிச்சை ரசத்தை மட்டும் பாகோடு சேர்த்துக் கொதிக்கவிடாதீர்கள். மணமும் போகும், சத்தும் போகும். ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 1747இல் ஆரஞ்சும் எலுமிச்சையும் மாலுமிகளின் ஸ்கர்வி நோயைத் தீர்க்கும் என்று சோதித்துக் காட்டியவர். ஆனால் நெடுநாள் வைத்துக்கொள்ள ரசத்தைச் சுண்டக் காய்ச்சும்படி அவரே யோசனை சொன்னார். காய்ச்சிய ரசத்தில் குணம் பெரும்பாலும் போய்விட்டது. ஆகவே பாகு ஆறிய பிறகு, குடிக்கும் நேரத்தில் பிழியுங்கள்.

என்னைப்போல் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு கரண்டியை அரைக் கரண்டியாக்கிக்கொள்ளலாம். பட்டையும் கிராம்பும் வழக்கம்போல இருக்கட்டும்.